இரைப்பைக்கு இன்சுலினும் பருப்புதான்



'புரத மருந்துகளை உடலுக்குள் சேர்ப்பதில் உள்ள இடர்ப்பாடுகள்' என்று இன்றைய உரையின் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பைக் கொடுத்தவன் நான்தான். எங்கள் வீட்டில் இதே விஷயத்துக்கு 'அத்தை கேட்ட கேள்வி' என்று பெயர்.

1970களில் மன்னார்குடியில் இருந்த என் அத்தைக்குச் சர்க்கரை நோய். லென்டி இன்சுலின் போட்டுக்கொள்வார். காலையில் அடுப்பில் முதலில் ஏறுவது காபித் தண்ணீர் அல்ல. கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும் போட்ட சின்ன அலுமினியப் பாத்திரம். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்துப் புட்டியைப் பாலிதீன் பையில் சுற்றி நூல் கட்டி, மண்பானைக்குள் தண்ணீர் படாத உயரத்தில் தொங்கவிட்டிருப்பார். வெளியே எடுத்ததும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டுவார். அடியில் தங்கிய வெள்ளை மண்டி கலங்கி, மருந்து நீர்மோர் நிறத்துக்கு வரும். "குலுக்கிடாதீங்கம்மா, நுரைச்சா மருந்து கெட்டுடும்" என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். புரத வேதியியல் படித்த பிறகுதான் அந்த மனிதர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு சித்திரையில் பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். வெயிலுக்குப் பயந்து அத்தை தன் புட்டியை அங்கே கொடுத்துவைத்தார். நல்ல மனதோடு அவர்கள் அதை மேல்தட்டில், ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மறுநாள் உருகியதும் பார்த்தால் மண்டி கட்டிகட்டியாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. எத்தனை உருட்டியும் கலங்கவில்லை. "பால் திரிஞ்சாப்ல இருக்குடா" என்றார். புதுப் புட்டியைக் கொட்ட வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலில்தான் கேட்டார்: "தலைவலிக்கு மாத்திரை, ஜுரத்துக்கு மாத்திரை. இதை மட்டும் ஏண்டா ஆயுசுக்கும் குத்திக்கணும்?"

அப்போது நான் பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு. படித்ததைச் சொன்னேன்: "வயித்துல போனா செரிச்சுடும் அத்தை."

"அப்ப செரிக்காத மாதிரி பண்றதுதானே?"

இந்தத் துறையின் நூறு ஆண்டு ஆராய்ச்சியும் அந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள். ஒன்றில் 21, மற்றதில் 30. பாரசிட்டமாலின் மூலக்கூறு எடை 151. இன்சுலினுடையது சுமார் 5,800. இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்துகளின் எடை ஏறத்தாழ 1,50,000. ஆனால் எடையைவிடப் பெரிய சிக்கல் உறவுமுறையில் இருக்கிறது. சாம்பாரில் போட்ட துவரம்பருப்பின் புரதத்துக்கும் இன்சுலினுக்கும் இரைப்பை எந்த வேறுபாடும் பார்ப்பதில்லை. அமிலம் அதன் மடிப்பைக் குலைக்கும், பெப்சின் கத்தரிக்கும், சிறுகுடலில் டிரிப்சினும் கைமோடிரிப்சினும் மிச்சத்தை நறுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று அமினோ அமிலத் துண்டுகளான பிறகுதான் குடற்சுவர் உள்ளே விடும். இந்த ஏற்பாட்டில் பழுது எதுவும் இல்லை. நேற்று சாப்பிட்ட பருப்பு அப்படியே இரத்தத்தில் கலந்தால் உடல் அதை அந்நியப் படையாக நினைத்துச் சண்டைக்கு நிற்கும். ஆகவே வாய்வழி இன்சுலின் ஆராய்ச்சி என்பது, தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் ஓர் உறுப்பிடம் 'இதை மட்டும் கண்டுகொள்ளாதே' என்று சிபாரிசுக்குப் போவது.

இந்தச் சிபாரிசை இயற்கை ஓர் இடத்தில் ஏற்றுக்கொள்கிறது. அது மாட்டுக்கொட்டகையில் நடக்கிறது. கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும் என்பது மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பசுவின் நோய் எதிர்ப்புரதங்கள் கருவில் இருக்கும்போது கன்றுக்குப் போய்ச் சேருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொன்றும் இன்சுலினைப் போல் இருபத்தைந்து மடங்கு பெரிய மூலக்கூறு. அவை முழுசு முழுசாகக் கன்றின் இரத்தத்தில் சேருகின்றன. எப்படி? பிறந்த கன்றின் வயிற்றில் அமிலம் குறைவு. சீம்பாலிலேயே டிரிப்சினைத் தடுக்கும் பொருள் கலந்திருக்கிறது. குடற்சுவர் பெரிய மூலக்கூறுகளை விழுங்கும் நிலையில் திறந்திருக்கிறது. போதாததற்கு அளவும் தாராளம். அமிலத்தைத் தணி, நொதியைத் தடு, சுவரைத் திற, வீணாவதற்கும் சேர்த்துக் கொடு. நாங்கள் ஆய்வகத்தில் நூறாண்டாகத் தேடிய நான்கு உபாயங்களும் சீம்பாலில் இருக்கின்றன. ஏறத்தாழ ஒரு நாளில் அந்தக் கதவு அடைத்துக்கொள்கிறது. திறந்த கதவில் எதிர்ப்புரதம் மட்டுமா நுழையும்? கிருமியும் நுழையும். இந்த இரண்டாம் பாதியை எங்கள் துறை அடிக்கடி மறந்துவிடுகிறது.

இனி, இன்சுலின் பிறந்த டொரொன்டோவுக்குப் போவோம். 1921 கோடையில் பான்டிங், பெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் நாயின் கணையத்திலிருந்து சாறு எடுத்தார்கள். 1922 ஜனவரி 11ஆம் தேதி டொரொன்டோ பொது மருத்துவமனையில் லெனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு அத்தகைய சாற்றை முதன்முறையாகச் செலுத்தினார்கள். இரத்தச் சர்க்கரை சற்று இறங்கியது; ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. நிறுத்திவிட்டார்கள். கோலிப் என்ற வேதியியலாளர் சாற்றைச் சுத்தப்படுத்திக் கொடுத்தபின், ஜனவரி 23இலிருந்து மறுபடி போட்டார்கள். பையன் எழுந்து நடமாடினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பாடப்புத்தகம் இதை ஒரு கண்டுபிடிப்பின் கதையாகச் சொல்கிறது. என் கண்ணுக்கு ஜனவரி 11க்கும் 23க்கும் நடுவில் உள்ள 12 நாட்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. இரண்டு தேதிகளிலும் மருந்து ஒன்றுதான். உடல் ஏற்கும் வடிவம் மட்டும் வேறு.

ஊசி போட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கிறோம். தோலுக்கு அடியில் வேறொரு நாடகம் நடக்கிறது. இன்சுலின் புட்டியை மோந்து பார்த்திருக்கிறீர்களா? ஆஸ்பத்திரித் தரை கழுவிய மாதிரி ஒரு வாடை வரும். அது இன்சுலினின் வாடை அல்ல, மெட்டா கிரெசால். கிருமி வளராமலிருக்கச் சேர்ப்பது. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. புட்டிக்குள் இன்சுலின் தனித்தனியாக இருப்பதில்லை. துத்தநாக அயனியை நடுவில் வைத்து ஆறு ஆறாகக் கைகோத்து நிற்கிறது. கிரெசால் அந்தக் கோவையை இறுக்கிப் பிடிக்கிறது. அப்படிச் சேர்ந்து நிற்கும்வரை பத்திரம். தனித்தவை ஒன்றோடொன்று சிக்கி நாராகிவிடும். தோலுக்கு அடியில் போனதும் கிரெசால் விலகி, ஆறு இரண்டாகி, இரண்டு ஒன்றான பிறகுதான் நுண்குழாய்க்குள் வேகமாக நுழைய முடியும். பழைய சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கைகோப்பைத் தளர்த்த ஒரு சங்கிலியின் 28, 29ஆம் இடத்து அமினோ அமிலங்களை இடம் மாற்றிப் போட்டார்கள். 1996இல் லிஸ்ப்ரோ வந்தது; இலை போட்ட பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்பக்க வேலையை 60 ஆண்டுகளுக்கு முன்பே ஹேகடார்ன் என்பவர் செய்திருந்தார். டென்மார்க்கில், டிரவுட் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமினை இன்சுலினோடு சேர்த்துக் கரைவதைத் தாமதப்படுத்தினார். அது 1936. எனக்கு மிகவும் பிடித்தது 2000இல் வந்த கிளார்ஜின். புட்டிக்குள் புளிப்புக் கரைசலில் தெளிவாக இருக்கும். உடலின் நடுநிலைத் திரவத்தைத் தொட்டதும் தோலுக்கு அடியிலேயே பொடிப்பொடியாகப் படிந்து, ஒரு நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அத்தை உள்ளங்கையில் உருட்டிக் கலக்கிய மண்டியை இப்போது உடலுக்குள்ளேயே உண்டாக்குகிறார்கள்.

இனி கம்பவுண்டர் சொன்ன நுரை. புரதம் நீருக்குள் ஒரு குறிப்பிட்ட மடிப்பில் இருக்கிறது. நீரை விரும்பாத பகுதிகளை உள்ளே மறைத்துக்கொள்கிறது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் அந்த உட்பகுதி வெளியே திரும்பும். நுரைத்தால் அந்தப் பரப்பு பல மடங்காகும். பிரிந்த மடிப்புகள் ஒன்றையொன்று பற்றிக் கட்டியாகும். உறையும்போது பனிப்பளிங்கின் பரப்பில் இதே கதி. எனவே புரத மருந்துக்கு வெயிலைப் போலவே பனியும் எதிரி. 2 முதல் 8 டிகிரி என்று அட்டையில் போட்டிருப்பதில் அந்த 2ஐ யாரும் கவனிப்பதில்லை.

வெயில் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் தாகஹலே அகதி முகாமில் குடிசைகளுக்குள் நிலவிய வெப்பத்தை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்த்தார்கள். 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்கும் சூட்டில், நான்கு வாரம் வரை இன்சுலின் வீரியம் குறையவில்லை. 2021இல் வெளியான இந்த ஆய்வை நான் வாசித்தது இரவு பதினொரு மணிக்கு. அத்தையின் பானைதான் நினைவுக்கு வந்தது.

கட்டி சேர்ந்த புரதம் வீணாவதோடு நிற்பதில்லை. உடலை உசுப்பியும் விடும். எப்ரெக்ஸ் என்ற, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசியில் 1998இல் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். மனித ஆல்புமினை எடுத்துவிட்டுப் பாலிசார்பேட் 80 சேர்த்தார்கள். மருந்துப் புரதத்தில் கை வைக்கவே இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் சிறுநீரக நோயாளிகள் பலருக்கு அந்த மருந்துக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் உண்டாயின. அவை மருந்தோடு நிற்காமல் உடல் தானாகச் சுரக்கும் எரித்ரோபாய்ட்டினையும் தாக்கின. சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. சிரிஞ்சின் ரப்பர் அடைப்பிலிருந்து கசிந்த பொருளா, கட்டி சேர்ந்த புரதமா என்று விவாதம் இன்றும் நடக்கிறது. என் மாணவர்களுக்கு நான் சொல்வது: மூடியும் மருந்தின் பகுதிதான்.

வாய் ஆகாது, ஊசி வேண்டாம் என்றால் மூச்சு. நுரையீரலின் நுண்ணறைகளை விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டருக்கும் மேல்; சுவரும் மெல்லியது. 2006 ஜனவரியில் ஃபைசர் நிறுவனம் எக்ஸுபெரா என்ற உறிஞ்சும் இன்சுலினுக்கு அனுமதி வாங்கியது. 2007 அக்டோபரில் அதைக் கைவிட்டு, 280 கோடி டாலரைக் கணக்கிலிருந்து தள்ளியது. அறிவியல் தோற்றதா? சர்க்கரை இறங்கத்தான் செய்தது. ஆனால் கருவியை விரித்தால் டார்ச் லைட் அளவுக்கு இருக்கும். ஓட்டலில் சாப்பாட்டுக்கு முன் யார் அதை வெளியே எடுப்பார்கள்? அளவு யூனிட்டில் இல்லை, மில்லிகிராமில். மூன்று 1 மி.கி. பொட்டலத்தை உறிஞ்சினால் ஒரு 3 மி.கி. பொட்டலத்தைவிட அதிக மருந்து உள்ளே போகும். ஒன்று ஒன்று ஒன்று சேர்ந்தால் மூன்று ஆகாத கணக்கை எந்தப் பாட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது? அதன் மேல் நுரையீரல் சோதனை, அதற்கொரு செலவு. இதற்குள் பேனா ஊசியின் முனை மயிரிழையாகி, வலி பெரும்பாலும் போயிருந்தது. 2014இல் அமெரிக்கா அனுமதித்த அஃப்ரெஸா உள்ளங்கையில் அடங்கும், வேகமாகவும் வேலை செய்யும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

மறுபடி வாய்க்கு வருவோம். வெற்றி பெற்றவை உண்டு. சைக்ளோஸ்போரின் 11 அமினோ அமிலம் கொண்ட வளையம். நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சை தந்தது. முனையே இல்லாத வளையத்தை நொதியால் எளிதில் பிடித்து வெட்ட முடியுமா? ஆகவே அது தப்பிக்கிறது. டெஸ்மோபிரஸின் 9 அமினோ அமிலம். மாத்திரையாக விழுங்கினால் இரத்தத்தை எட்டுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் உடலுக்குத் தேவைப்படுவதும் மைக்ரோகிராம்தான். மிச்சத்தை வீணடிக்கக் கட்டுபடியாகிறது.

இந்தக் கட்டுபடியில்தான் இன்சுலின் மாட்டிக்கொண்டது. வாய்வழி இன்சுலினுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. கணையம் சுரப்பது முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கேயே பாதி அளவு நின்றுவிடுகிறது. குடல்வழி போனாலும் அதே பாதை. ஊசி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. ஆகவே ஆசை நியாயமானது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் ஐஎன்-105 என்ற மாத்திரையோடு மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. 2011இல் முதன்மை இலக்கு கைகூடவில்லை என்று அறிவித்தது. இஸ்ரேலின் ஓராமெட் 2023இல் இதே இடத்தில் நின்றது. ஆனால் தோல்விகளைவிட எனக்குப் பாடம் சொன்னது ஒரு வெற்றி. நோவோ நார்டிஸ்க் ஐ338 என்ற இன்சுலினைச் சோடியம் கேப்ரேட்டோடு சேர்த்து மாத்திரையாக்கியது. கேப்ரிக் அமிலம் வேறெங்கும் இல்லை, தேங்காயெண்ணெயிலும் ஆட்டுப்பாலிலும் இருப்பதுதான். அதன் உப்பு குடற்சுவரைச் சற்று நேரம் தளர்த்துகிறது. 50 நோயாளிகள், 8 வாரம். ஊசியில் போட்ட கிளார்ஜினுக்கு இணையாகச் சர்க்கரை இறங்கியது. 2019இல் முடிவை வெளியிட்டார்கள், திட்டத்தையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். ஏன்? இரத்தத்தை எட்டும் சொற்பத்துக்காக மாத்திரையில் அடைக்க வேண்டிய இன்சுலின் அவ்வளவு அதிகம். வியாபாரமாக அது நிற்காது. அத்தை கேட்ட மாத்திரை உண்மையில் தயாராகிவிட்டது. விலைதான் ஒத்துவரவில்லை.

அதே நிறுவனம் அதே 2019இல் இன்னொரு மாத்திரைக்கு அமெரிக்க அனுமதி வாங்கியது. செமாக்ளுடைடு. இரத்தச் சர்க்கரையை இறக்க உதவும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் மாற்று வடிவம் அது. குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 இரத்தத்தில் இரண்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பது கடினம். டிபிபி-4 நொதி இரண்டாம் அமினோ அமிலத்தை ஒட்டி வெட்டிவிடும். அந்த இரண்டாவதை மாற்றினார்கள். பிறகு ஒரு கொழுப்பமில வாலைக் கோத்தார்கள். அந்த வால் இரத்தத்திலுள்ள ஆல்புமினைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஊர் சுற்றும். அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரமானது. இவ்வளவு நாள் தங்குகிற மருந்து என்பதால், தினம் துளித்துளியாக உள்ளே போனாலும் சேர்ந்துகொண்டே வரும். மாத்திரையில் 300 மி.கி. ஸ்நாக் என்ற பொருள். இரைப்பைச் சுவரில் மாத்திரை ஒட்டிக் கரையும் இடத்தில் மட்டும் அமிலத்தைத் தணித்து, பெப்சினை மந்தமாக்கி, மருந்தை உள்ளே தள்ளும். ஆம், உறிஞ்சுவது குடலில் அல்ல, இரைப்பையிலேயே. சீம்பாலின் சூத்திரம்தான், ஒரு நாள் முழுக்கத் திறந்திருந்த கதவை இங்கே சில நிமிடம், காசளவு இடத்தில் திறக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். முதலில் வந்த மாத்திரையில் தினம் 14 மி.கி., வாரத்துக்கு 98. ஊசியில் வாரத்துக்கு 1 மி.கி. போடும் இடத்தில் இது. தொண்ணூற்றுச் சொச்சம் பங்கு வயிற்றோடு போகிறது. நிபந்தனையும் கடுமை. வெறும் வயிறு, அரை டம்ளர் பச்சைத் தண்ணீர், அதன்பின் அரை மணி எதுவும் கூடாது. என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூன்று மாதமாக மருந்து கேட்கவே இல்லை என்று குறைப்பட்டார். துருவிக் கேட்டேன். "காபியோட தானே சார் போட்டேன், அதுல தண்ணிதானே இருக்கு?" என்றார். உலகின் மிக நுட்பமான மாத்திரைகளில் ஒன்றை ஒரு டபரா ஃபில்டர் காபி கவிழ்த்துவிட்டது. நிபந்தனையை எழுதியவர்கள் நம் ஊர்க் காலையைப் பார்த்ததில்லை.

இரைப்பையைக் கெஞ்சாமல் அங்கேயே ஊசி போட்டால் என்ன என்றும் யோசித்திருக்கிறார்கள். எம்ஐடியில் லாங்கர், டிரவெர்ஸோ குழுவினர் 2019இல் காட்டியது பட்டாணி அளவுக் குப்பி. ஆப்பிரிக்கச் சிறுத்தை ஆமையின் ஓடு எப்படிப் புரட்டினாலும் நிமிர்ந்துகொள்ளுமோ, அந்த வடிவம்.  இரைப்பையில் விழுந்ததும் நிமிர்ந்து உட்காரும். உள்ளிருக்கும் சுருள்வில்லைப் பிடித்திருக்கும் சர்க்கரைத் தட்டு கரைந்ததும், இறுக்கிய இன்சுலினால் ஆன முள் சுவரில் இறங்கும். அங்கே குத்தும் வலி தெரியாது. பன்றிகளில் வேலை செய்தது. அழகான பொறியியல்; ஆனால் தினம் ஒரு ஆமை விழுங்கும் செலவை யார் தருவார் என்று கேட்பதும் எங்கள் வேலை.

ஆகவே என் கட்சி இது, இளையவர்கள் மறுக்கலாம். ஊசியை ஒழிப்பது என்ற ஒற்றை ஆசையில் நாம் நிறையப் பணத்தைக் குடலுக்குள் கொட்டிவிட்டோம். ஊசியின் எண்ணிக்கையைக் குறைப்பதும், பானைச் சூட்டைத் தாங்கும் மருந்தைச் செய்வதும் அதைவிட அவசரம். ஆல்புமினில் தொற்றிக்கொள்ளும் ஐகோடெக் என்ற வாரம் ஒரு முறை இன்சுலினை 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. 365 ஊசி 52 ஆகிறது. தவறான அளவு போட்டால் அதுவும் நாள்கணக்கில் உடம்பில் நிற்கும் என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.

அளவு என்றதும் ஒன்று. நம் நாட்டில் புட்டி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50. கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு எந்த ஆமையும் வேண்டாம்.

இன்னொன்று, தொட்டுப் பார்க்க வேண்டியது. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகக் குத்தினால் தோலுக்கு அடியில் கொழுப்பு திரண்டு ரப்பர் பந்து போல் எழும்பும். அங்கே வலிக்காது. வலிக்காததால் அங்கேயே குத்துவார்கள். மருந்து அதற்குள் மாட்டி, இன்று பாதி, நாளை முழுசு என்று மனம்போல் வெளிவரும். டாக்டர் அளவைக் கூட்டுவார். அத்தையின் வலது தொடையில் எலுமிச்சை அளவுக்கு இருந்தது. நான் எம்.ஃபார்ம் முடித்து, புரதக் கரைசலின் நிலைத்தன்மை பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒரு நாளும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஊசி போட வந்த நர்ஸம்மாதான் கண்டுபிடித்தார். "இந்தக் காலை விட்டுட்டு வயித்துல போடுங்கம்மா" என்றார். இரண்டு வாரத்தில் அளவைக் குறைக்க வேண்டி வந்தது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வெளியே காபி தயார் என்று சீட்டு வந்திருக்கிறது. காலையில் அந்த மாத்திரை போட்டவர்களும் தாராளமாகக் குடிக்கலாம். நான் பேசியதிலேயே அரை மணி தாண்டிவிட்டது.